இருக்கிற ஆன்டிவைரஸோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டிடிபி வேலை செய்கிற கடை ஒன்றுக்கு மாதம் ஒருமுறையாவது கம்ப்யூட்டர் பார்க்கப் போவேன். அந்தக் கடையில் ஓடுகிற ஒரே கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பென் டிரைவ் ஏறி இறங்கும். பள்ளிக்கூடத்து வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, புனலூரில் வேலை பார்க்கிறவர் கொண்டுவரும் மலையாள விண்ணப்பம், அம்பநாடு எஸ்டேட் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் காகிதம், எல்லாம் அதில்தான். போன மாதம் கடைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, நம்மகிட்ட ஆன்டிவைரஸ் இருக்கு. கூட இன்னொண்ணு போட்டா நல்லதுதானே? எதைப் போடலாம்?"

இந்தக் கேள்வியை அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம். அப்போது கேட்காமலே செய்துவிட்டார். யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து ஷார்ட்கட் வைரஸ் ஏறியது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஃபோல்டர்கள் காணாமல் போய் அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் நிற்கும். உண்மையான ஃபைல்கள் அங்கேயேதான் மறைந்து கிடக்கும். ஷார்ட்கட்டை அழுத்தினால் பின்னால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, அடுத்துச் செருகுகிற பென் டிரைவுக்கும் தொற்றும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இதைக் கோட்டை விட்டதே என்ற கோபத்தில், இலவசமாகக் கிடைத்த இன்னொன்றை அதன் மேலேயே இன்ஸ்டால் செய்தார். மறுநாள் காலை கம்ப்யூட்டர் திறக்கப் பத்து நிமிஷம். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரில் சேவ் கொடுத்தால் மவுஸ் அப்படியே நிற்கும். புதிதாக வந்தது பழையதின் ஃபைல் ஒன்றைப் பிடித்து "ஆபத்து" என்று சிவப்பில் காட்டியது. ஒன்றைக் கழற்றிய பிறகுதான் கடை ஓடியது.

ஆக, கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் ஒரு பிராண்டின் பெயர் கிடையாது.

இரண்டும் ஒரே இடத்தில் நின்றால்

ஆன்டிவைரஸ் என்பது சாதாரண புரோகிராம் மாதிரி மேலே உட்கார்ந்து வேலை செய்வதில்லை. நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கை விண்டோஸின் அடித்தளம் வழியாகப் போகிறது. ஆன்டிவைரஸின் டிரைவர் என்கிற சின்ன நிரல் அந்த அடித்தளத்திலேயே காத்திருந்து, கோரிக்கையை ஒரு கணம் நிறுத்தி, ஃபைலைப் பார்த்துவிட்டு, சரி என்றால் விடுகிறது. இதைத்தான் ரியல் டைம் பாதுகாப்பு என்கிறார்கள். ஒரு ஆன்டிவைரஸ் இப்படி நிறுத்தினால் நமக்குத் தெரியாது. இரண்டு நிறுத்தினால் தெரியும். முதலாவது ஒரு ஃபைலைச் சோதிக்கத் திறக்கிறது. அது திறப்பதையே இரண்டாவது "யாரோ திறக்கிறார்கள்" என்று பிடித்துச் சோதிக்கப் போகிறது. கடைக்காரர் கண்ட மவுஸ் நின்றுபோன காட்சி இதுதான். போதாக்குறைக்கு, ஆன்டிவைரஸின் உள்ளே வைரஸ்களின் அடையாளங்கள் இருக்கும், பிடித்து அடைத்துவைத்தவையும் இருக்கும். இன்னொன்றின் கண்ணுக்கு அதெல்லாம் திருட்டுச் சரக்காகத் தெரியக்கூடும்.

அடித்தளத்தில் நிற்கிற டிரைவர் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. விமானங்கள் நின்றன. அது வைரஸ் இல்லை, காவலுக்கு வைத்ததுதான். அப்படிப்பட்ட ஒன்றை இரட்டிப்பாக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விண்டோஸுக்கும் இது தெரியும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் என்று வெளி நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதாவது "ரியல் டைம் ஒன்றுதான்" என்ற விதியை விண்டோஸே வைத்திருக்கிறது. இரண்டு வெளி நிறுவனங்களின் ஆன்டிவைரஸைச் சேர்த்துப் போட்டால்தான் இந்த ஏற்பாடு உடைகிறது.

ஒதுங்கிய டிஃபெண்டரை முழுக்க வீணாக்கவும் வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தில், டிஃபெண்டர் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் "பீரியாடிக் ஸ்கேனிங்" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2016இல் விண்டோஸ் 10க்கு வந்தது. அதைப் போட்டுவிட்டால் டிஃபெண்டர் வாசலில் நிற்காது; அவ்வப்போது வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். வெளி ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய இரண்டாவது ஏற்பாடு இல்லை. செலவும் இல்லை. இது இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஒரே வாசல், வேறு வேறு கண்

இந்த இடத்தில், கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்ட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். அங்கே போலீஸ் நிற்கிறது, வண்டியையும் ஆளையும் காகிதத்தையும் பார்க்கிறது. வனத்துறை மரம் போகிறதா என்று பார்க்கிறது. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் கால்நடைத் துறையினர் வந்து நின்று டயருக்கு மருந்து அடிக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வணிகவரித் துறையும் இருந்தது. யாரும் அடுத்தவர் வேலையைச் செய்வதில்லை. போலீஸை இரட்டிப்பாக்கினால் லாரி வரிசைதான் நீளும். பறவைக் காய்ச்சல் அப்படியே உள்ளே வரும்.

கூடுதல் மென்பொருள் தேடுகிறவர் கேட்க வேண்டியது இதுதான்: இருக்கிற ஆன்டிவைரஸ் எதைப் பார்ப்பதில்லை?

அதற்கு முன் "இரண்டாவது கருத்து" பற்றி ஒரு வார்த்தை. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் 2023 ஜனவரியில் நடந்தது நினைவிருக்கலாம். 15,000 லிட்டருக்கு மேல் பாலோடு வந்த டேங்கரைக் கேரளப் பால்வளத் துறை பிடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறது என்றார்கள். பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்தபோது அது கிடைக்கவில்லை. நேரம் கடந்து சோதித்ததால் மறைந்துவிட்டது என்று ஒரு துறையும், அப்படியில்லை என்று இன்னொரு துறையும் வாதிட்டன. யார் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இரண்டு சோதனை வேறு வேறு முறையில், வேறு வேறு நேரத்தில் நடந்தால் முடிவும் வேறாகலாம் என்பது மட்டும் நமக்குப் போதும். ஆன்டிவைரஸிலும் அப்படியே. நேற்றுப் பிறந்த வைரஸை ஒன்று இன்று பிடிக்கும், இன்னொன்று நாளை மறுநாள் பிடிக்கும். அதனால் இரண்டாவது சோதனைக்கு மதிப்பு உண்டு, அது கூப்பிட்டால் மட்டும் வருகிற சோதனையாக இருந்தால்.

கூப்பிட்டால் வருகிறவை பல இருக்கின்றன. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, சோதனைக் காலம் முடிந்த பிறகு நாமே ஸ்கேன் கொடுத்தால் மட்டும் ஓடும். இசெட் ஆன்லைன் ஸ்கேனர் உண்டு. எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் பென் டிரைவிலிருந்தே ஓடும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கினால் பத்து நாளில் காலாவதியாகிவிடும், அப்புறம் புதிதாக இறக்க வேண்டும். பழைய அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்கிற வகை என்று சந்தேகம் வந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே பார்க்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும்.

ஒரு சூட்சுமம். பெயர் வேறு என்பதால் கண்ணும் வேறு என்று நினைத்துவிடக் கூடாது. பல நிறுவனங்கள் பிட்டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸின் எஞ்சினை, அதாவது வைரஸைக் கண்டுபிடிக்கிற பகுதியை, வாங்கித் தங்கள் பொருளுக்குள் வைத்திருக்கின்றன; எம்சிசாஃப்ட்டும் ஜி டேட்டாவும் அப்படித்தான், கூடத் தங்கள் சொந்த வேலையும் உண்டு. அவாஸ்ட் 2016இல் ஏவிஜியை வாங்கியது. இரண்டும் இப்போது உள்ளே ஒன்றே. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நான்கும் இன்று ஒரே குழுமத்தின் கீழ் இருக்கின்றன. பிட்டிஃபெண்டர் வைத்திருப்பவர் அதே எஞ்சின் உள்ள இன்னொன்றிடம் இரண்டாவது கருத்து கேட்பது, அண்ணன் சொன்னதைத் தம்பியிடம் சரிபார்ப்பது போலத்தான்.

சந்தேகமான ஒரே ஒரு ஃபைல்தான் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் அறுபது, எழுபது எஞ்சின்கள் சேர்ந்து பார்த்துச் சொல்லும். 2012 முதல் கூகுள் வசம் உள்ள சேவை. ஆனால் அங்கே ஏற்றுகிற ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். வாடிக்கையாளரின் ஆதார் பிடிஎஃப்பைக் கொண்டுபோய் அதில் போடாதீர்கள். இறக்கிய செட்டப் ஃபைலைப் போடலாம்.

கிராக்கும் எழுத்துருவும்

இனி வாசல்களுக்கு வருவோம். எங்கள் பக்கத்து டிடிபி கடைகளில் பென் டிரைவைவிடப் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு கொடுக்காமல் ஓட்டுவதற்கான போட்டோஷாப்பின் கிராக், ஆஃபீஸின் ஆக்டிவேட்டர், அப்புறம் "ஐந்நூறு எழுத்துரு ஒரே ஜிப்பில்". பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல் ஒருவர் கொண்டுவருவார், பழைய மலையாள எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் கொண்டுவருவார். எழுத்துரு இல்லையென்றால் வேலை இல்லை. அவசரத்தில் எங்கேயோ தேடி இறக்குவோம். அந்தப் பக்கத்தில் "டவுன்லோடு" என்று ஐந்து பச்சைப் பட்டன் இருக்கும், நான்கு பொய்.

கிராக்கோடு வரும் பிரச்சினை வேறு மாதிரி. அதை ஓட்டுவதற்கு முன் "ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்" என்று அதன் கூடவே ஒரு குறிப்பு வரும். நாமும் நிறுத்துகிறோம். அந்த நிமிஷத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தாலும் இருபது இருந்தாலும் ஒன்றுதான், கதவைத் திறந்து உள்ளே அழைத்தது நாமே. ஸ்டாப், டிஜேவியூ என்ற பெயர்களில் அறியப்பட்ட ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கிற வைரஸ்) இந்தியாவில் இத்தனை பேரைப் பிடித்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490. ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கத்தில் சுமார் 150 கேபி அளவை மட்டும் பூட்டும், அதனால் சில நிமிஷத்தில் மொத்த டிஸ்க்கும் போய்விடும். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கருவி கொடுத்தது. 2019 ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு வந்த வகைகளில் பூட்டும் முறையையே மாற்றிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கருவி உதவாது. "கருவி போட்டுத் திறந்து தருகிறோம்" என்று காசு கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த வாசலுக்குப் பொருத்தமான கூடுதல் காவல் எது? இரண்டு. ஒன்று, டிஃபெண்டரிலேயே 2017 முதல் இருக்கும் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்". நாம் குறிப்பிட்ட ஃபோல்டர்களில் தெரியாத புரோகிராம் எதுவும் எழுத முடியாது. ஆனால் டிஃபெண்டரின் ரியல் டைம் காவல் ஓடினால்தான் இது வேலை செய்யும். பாதுகாப்பைக் கூட்டுகிறோம் என்று நினைத்து இலவச வெளி ஆன்டிவைரஸ் ஒன்றைப் போடும்போது டிஃபெண்டர் ஒதுங்குகிறது, இந்தப் பூட்டும் கூடவே போய்விடுகிறது. புதிதாக வந்ததில் அதே வசதி இருக்கிறதா, அதுவும் காசு கொடுக்காத பதிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும். என்னைக் கேட்டால், வீட்டில் ஒரு லேப்டாப் வைத்து மின்கட்டணம் கட்டுகிறவருக்கு டிஃபெண்டரும் இந்தப் பூட்டும் போதும். இலவச ஆன்டிவைரஸ் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது பேக்கப். இதை யாரும் பாதுகாப்பு மென்பொருள் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ரேன்சம்வேர் வந்த பிறகு மிஞ்சுவது இது ஒன்றுதான். எப்போதும் செருகியே இருக்கிற டிஸ்க் பேக்கப் ஆகாது, ரேன்சம்வேர் அதையும் பூட்டும். செருகி, நகலெடுத்து, கழற்றி டிராயரில் வைக்க வேண்டும்.

பென் டிரைவ்

2008இல் கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பரவிய காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே போதும், விண்டோஸின் ஆட்டோரன் வசதி அதில் இருப்பதைத் தானாக ஓட்டிவிடும். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் அனுப்பி அதை மூடியது. அதன் பிறகுதான் ஷார்ட்கட் வைரஸ்களின் ராஜ்ஜியம்: தானாக ஓட முடியாததால் நம் விரலை வைத்து ஓட்டுகின்றன. ஆகவே இங்கே வேண்டியது விரலுக்குக் காவல். விண்டோஸில் ஃபைல் பெயரின் வால் (.exe போன்றது) தெரியும்படி வைத்துவிட்டால், ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்ட ஒரு புரோகிராம் அடையாளம் தெரிந்துவிடும். ஷார்ட்கட்டின் வால் மட்டும் அப்போதும் தெரியாது. அதற்கு ஐகானின் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற பகுதியை நிறுத்திவைத்தால் அந்த வகை ஸ்கிரிப்ட்டுகளில் பல ஓடவே ஓடாது. பெரும்பாலான கடைகளுக்கு அது தேவையும் இல்லை.

இதற்கென்றே நம் அரசின் கருவியும் ஒன்று உண்டு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில், அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய "யுஎஸ்பி பிரதிரோத்" கிடைக்கிறது. பதிவு செய்த பென் டிரைவுகளை மட்டும், பாஸ்வேர்டு கேட்டுத் திறக்கவிடும். கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் ஜெராக்ஸ் கடைக்கு ஆகாது. அங்கே வருகிற எல்லாமே அந்நியப் பென் டிரைவ்; ஒவ்வொன்றுக்கும் பதிவு போட்டுக்கொண்டிருந்தால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். கூட்டுறவு சங்க அலுவலகம், பள்ளி அலுவலகம் போல ஐந்தாறு பென் டிரைவ் மட்டும் புழங்குகிற இடத்துக்கு நல்ல பொருத்தம். அதே இடத்தில் கிடைக்கும் "ஆப்சம்வித்" வேறு மாதிரி: ஏற்கெனவே அனுமதித்த புரோகிராம்களை மட்டும் ஓடவிடும். காய்கறி மொத்தக் கடையில் பில் போட மட்டும் இருக்கிற கம்ப்யூட்டருக்கு இதைவிடச் சரியான துணை இல்லை. தினம் புதிதாக ஏதாவது இன்ஸ்டால் செய்கிற கம்ப்யூட்டரில் போட்டால் பைத்தியம் பிடிக்கும். உங்கள் விண்டோஸ் பதிப்பில் ஓடுமா என்று பார்த்துக்கொண்டு இறக்குங்கள். ஒரே பொருள் ஒரு கடைக்கு மருந்தாகவும் பக்கத்துக் கடைக்குத் தொல்லையாகவும் இருப்பதால்தான், இணையத்தில் "சிறந்த பத்து" பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை என்கிறேன்.

பிரவுசர், பாஸ்வேர்டு

இன்றைக்குத் திருடர்களுக்கு ஃபைலைவிடப் பாஸ்வேர்டுதான் லாபம். லும்மா என்ற திருட்டு மென்பொருளை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் சில நாட்டுக் காவல் துறைகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் உலகம் முழுக்க 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதற்கான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ போனால் ஓடிபி கேட்காமலே உள்ளே நுழைந்துவிடலாம். இது பரவிய வழிகளில் ஒன்று விசித்திரமானது. "நான் ரோபோ இல்லை" என்று காட்டச் சொல்லும் பக்கம் வரும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். நம் கையாலேயே நாம் கட்டளை கொடுக்கிறோம். ஆன்டிவைரஸ் இதைக் கடைசி நொடியில் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆகவே பிரவுசருக்கு ஒரு தனித் துணை வேண்டும். விளம்பரத் தடுப்பான் என்றதும் விளம்பரம் பார்க்காமல் இருக்க என்றுதான் நினைக்கிறோம். எனக்கு அது பாதுகாப்புப் பொருள். அந்த ஐந்து பச்சைப் பட்டனில் பொய்யான நான்கும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் முழுதாக ஓடுகிறது. குரோம் தன் விதிகளை மாற்றியதால் அங்கே அதன் லைட் பதிப்புதான். தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் சேவைக்கு குவாட்9 அமைப்பின் 9.9.9.9 என்பதை ரவுட்டரில் போட்டுவிட்டால், தெரிந்த மோசடித் தளங்களின் பெயரையே அது திறக்காது. கம்ப்யூட்டருக்கு எந்தச் சுமையும் இல்லை. அந்த வைஃபையில் இருக்கும் போன்களுக்கும் சேர்த்துக் காவல். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கிற மென்பொருளான பிட்வார்டனுக்கோ கீபாஸுக்கோ மாற்றிவிட்டு, பிரவுசரில் இருப்பதை அழித்துவிட வேண்டும். பொதுமக்கள் வந்து போகிற கடைக் கம்ப்யூட்டரில் சொந்த வங்கி லாகினே கூடாது.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கிற ஃபயர்வாலுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம், விண்டோஸில் இருப்பதே போதும். போனில் இன்னொரு ஆன்டிவைரஸும் வேண்டாம். வாட்ஸப்பில் கல்யாண அழைப்பிதழ் என்றும் வண்டி அபராதச் சலான் என்றும் வருகிற ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப் இன்ஸ்டால் செய்கிற ஃபைல்) அழுத்தாமல் இருந்தால் சரி. காசு போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

காவல்காரனே காசு கேட்டால்

கூடுதலாகப் போடுகிற எதுவும் நம் கம்ப்யூட்டரில் முழு அதிகாரத்தோடு உட்காரும் என்பதை மறக்கக் கூடாது. 2017இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிற மென்பொருளான சிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பு ஒன்றிலேயே திருட்டு நிரல் நுழைந்திருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை நம்பி இறக்கியிருந்தார்கள். அவாஸ்ட்டின் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட், பயனாளர்களின் இணைய நடமாட்டத் தரவுகளை விற்றது அம்பலமாகி 2020 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்காக 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது. இன்னொரு பக்கம், ஆன்டிவைரஸ் வேஷத்திலேயே வந்தவை உண்டு: "ஆன்டிவைரஸ் 2009" என்று ஒரு காலத்தில் திரை முழுக்கச் சிவப்பாக மிரட்டிக் காசு பறித்தது பழைய பிரவுசிங் சென்டர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். "கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன்" என்கிற பூஸ்டர் வகைகளை நான் எங்கே கண்டாலும் கழற்றிவிடுவேன். அவை இல்லாமல் கெட்டுப்போன கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை.

எந்தக் கூடுதல் மென்பொருளாலும் அடைக்க முடியாத ஒரு ஓட்டையும் இருக்கிறது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது வயநாட்டில் தரியோடு, பத்தனம்திட்டாவில் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. ஆந்திரத்தில் போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். டிஃபெண்டரின் அடையாளப் பட்டியல் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதை வைத்து "டிஃபெண்டர்தான் அப்டேட் ஆகுதே" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். காவல்காரனுக்குப் புதிய திருடர்களின் போட்டோ வந்துகொண்டே இருக்கும். சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆள் வராது.

கடையில் என்ன செய்தோம்? காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸுக்கு இன்னும் ஏழு மாதம் கெடு இருந்ததால் அதை அப்படியே விட்டேன். பீரியாடிக் ஸ்கேனிங்கைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எமர்ஜென்சி கிட் ஒருமுறை ஓட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அன்றாட வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனி லாகின் ஒன்று. ஓரத்தில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றி, வெளிப் பென் டிரைவுகளுக்கு அதையே முதல் வாசலாக்கினோம். விண்டோஸுக்கு எழுதிய ஷார்ட்கட் வைரஸ் அதில் ஓடாது, மறைந்த ஃபோல்டர்களும் அதில் அப்படியே தெரிகின்றன. பிடிஎஃப் பிரின்ட் எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பேஜ்மேக்கர் வேலை என்றால் மட்டும் ஃபைலை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். அது கொஞ்சம் தொல்லைதான். கடைக்காரர் முனகுகிறார், கேரளத்துப் பையன்கள் "சேட்டா, இது என்ன புது கம்ப்யூட்டர்" என்று கேட்கிறார்களாம்.

பேக்கப்புக்கு ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கினார். ராத்திரி கடை அடைக்கும் முன் செருகி, நகலெடுத்து, கழற்றி வைக்க வேண்டும். போன வாரம் போனபோது டிராயரைத் திறந்து காட்டினார். டிஸ்க் இருந்தது. டைப்-சி கேபிளைக் காணோம். போன் சார்ஜ் போட மகன் எடுத்துப் போய் நான்கு நாளாகிறதாம்.